வளையம் உரைக்கும் வலிமை

துடுப்புக்கு மரம் தெரிபவர் பலகையின் மேனி அழகில் மயங்குவதில்லை. அதன் வெட்டுமுகத்தைத் திருப்பி ஆண்டு வளையங்களைத்தான் முதலில் நோக்குவர். துடுப்பு வலிப்பவரோ ஒவ்வொரு வீச்சிலும் அதனை நீரினின்று எடுத்து, காற்றில் பின்னோக்கி நகர்த்தி, மீண்டும் ஆழ்த்துகிறார். கனம் மிகுந்தால் தோள் சோரும். வளைந்து மீளாத மரமெனில் முறியும்.

வட அமெரிக்கப் படகு மரபு இவ்விரு தேவைக்கும் இரு மரங்களைப் போற்றியது. அலாஸ்கா முதல் வட கலிபோர்னியா வரை பசிபிக் கரையில் ஓங்கும் சிட்கா ஸ்புரூஸ் ஒன்று. கிழக்குக் காடுகளின் வெள்ளை ஆஷ் மற்றொன்று. உலர்ந்த ஸ்புரூஸ் கன மீட்டருக்கு ஏறத்தாழ 400 கிலோகிராம்; ஆஷ் 670. நெடும்பொழுது வலிக்க முன்னது இனிது. பாறையில் மோதினும் தாங்கப் பின்னது வல்லது. மெய்ன் மாநிலத்தில் 1858இல் தோன்றிய ஷா அண்ட் டென்னி பட்டறை இரண்டிலும் துடுப்பு செய்தது.

வளையம் இவ்விரு மரங்களிலும் நேர்மாறாகப் பேசுவது வியப்புக்குரியது. ஸ்புரூஸில் வேனில் தொடக்கத்து உயிரணுக்கள் மெல்லிய சுவரின. பிற்பருவத்தவை தடித்த சுவரின. மெல்ல வளர்ந்த மரத்தில் வளையம் நெருங்கும்; தடித்த பகுதியின் பங்கு கூடும்; வலிமையும் கூடும். ஆஷிலோ ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் கண்ணுக்கே புலனாகும் பெருந்துளைகள் ஒரு வரிசையாக அமைகின்றன. அவ்வரிசையின் அகலம் ஆண்டுதோறும் பெரிதும் மாறாது. செழித்த ஆண்டில் மிகுவது அடர்ந்த நார்ப்பகுதியே. ஆகவே நெருங்கிய வளையமுள்ள ஆஷ் துளை மலிந்த நலிந்த மரம். ஒரு மரத்தின் இலக்கணத்தைக் கொண்டு மற்றொன்றை அளப்பவர் ஏமாறுவது உறுதி.

நாரின் ஓட்டமும் நேராதல் வேண்டும். இருபதுக்கு ஒன்று என்று சாய்ந்தால் வளைவு வலிமை ஏறத்தாழ 93 விழுக்காடு எஞ்சும். பத்துக்கு ஒன்றெனில் 81. ஐந்துக்கு ஒன்றெனில் 55. ஆப்பு வைத்துப் பிளக்கையில் பிளவு நாரைத் தொடரும். வாளோ அதனைக் குறுக்கே அறுத்துச் செல்லும். எனவே பிளந்து எடுத்த மரத்தை நான் மேலாகக் கருதுகிறேன்.

இன்று ஆஷ் அருகி வருவது நெஞ்சை வருத்துகிறது. ஆசியாவினின்று வந்த மரகத நிறத் துளைப்பான் வண்டு 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்டது. அதன் புழுக்கள் பட்டையின் உட்புறத்தை அரித்து மரத்தின் உணவு வழியை அறுக்கின்றன. உள்மரம் அப்போதும் பழுதற்றே இருக்கும். பட்ட மரம் விரைவில் நொறுங்கத் தொடங்குமாதலால், அதற்குள் வெட்டிப் பிளந்து, நிழலில் அடுக்கி உலர்த்தியாக வேண்டும்.