மூளையின் மடையை அடைத்துப் பார்த்தல்

வேனிற்காலத்தில் மரக்காணம் முதலிய கடற்கரை உப்பளங்களைக் காணச் செல்வோர், உவர்நீர் சுண்டிக் கெட்டிப்படும் பாத்திகளிற் சில இளஞ்சிவப்பு நிறங் கொள்வதைக் காணக்கூடும். அது மண்ணின் குணமன்று; பிறவுயிர்கள் மடிந்தொழியும் கடும் உப்பிலே களித்து வாழும் நுண்ணுயிர்களாலாய நிறமாம். அவ்வுயிர்களின் உறவினது ஒன்று மூளையாராய்ச்சிக்கு ஒரு கருவியை அளித்திருக்கின்றது. அஃது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

அளத்தில் எந்தக் கால்வாய் எந்தப் பாத்திக்கு நீரூட்டுகின்றதென அறிய வேண்டின், வரப்பின்மேல் நின்று பார்த்தல் மாத்திரம் போதாது. எல்லாக் கால்வாய்களிலும் நீர் அசையும். ஒரு மடையை மண்ணிட்டு அடைத்து, எது வற்றுகின்றதெனக் காணல் வேண்டும். மூளையின் நிலையும் இதுவே. நாம் ஒரு சொல்லைப் படிக்குங்கால் மூளையின் பல பகுதிகள் ஒருங்கே தொழிற்படுவதைப் படமெடுக்கும் யந்திரங்கள் காட்டுகின்றன. அவற்றுள் எது இன்றியமையாதது, எது உடனிருந்து சலசலப்பது என்பதைப் படம் சொல்லாது.

முதன்முதல் மடையடைத்தது நோயே. 1861இல் பாரிஸ் நகரத்து வைத்தியர் பால் புரோக்கா, பேச்சிழந்து மாண்ட ஒருவரின் மூளையைச் சோதித்து, இடப்பக்க முன்மடல் கெட்டிருக்கக் கண்டார். ஆயின் நோய் எல்லை பார்த்துத் தாக்குவதில்லை. பின்னர், கனடா நாட்டு மாண்ட்ரீலில் வைல்டர் பென்பீல்டு என்பார், வலிப்பு நோயாளர் விழித்துப் பேசிக்கொண்டிருக்கையிலேயே திறந்த மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சினார். (மூளைக்குத் தன்னளவில் நோவுணர்ச்சி இல்லை.) சிலவிடங்களைத் தொட்ட மாத்திரத்தில் பேச்சு நின்றது, எடுத்ததும் திரும்பிற்று. அறுவையின்போது அவ்விடங்களை வெட்டாது காப்பதற்கே இச்சோதனை. அவரிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார்.

மண்டையைத் திறவாது இதனைச் செய்யும் வழி 1985இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் பிறந்தது. ஆன்தனி பார்க்கரும் அவர் கூட்டத்தாரும் கம்பிச் சுருளொன்றைத் தலைமேல் வைத்துக் கணநேரம் வலிய மின்சாரம் செலுத்தினர். எழுந்த காந்தப்புலம் ஓட்டைக் கடந்து உள்ளே மின்னோட்டத்தைத் தூண்டிற்று. 1989இல் அமாசியன் முதலியோர், எழுத்துக்களைக் காட்டி ஏறக்குறைய ஒரு வினாடியிற் பத்திலொரு பங்கு கழிந்தபின் பிடரியில் இத்துடிப்பைச் செலுத்த, கண்டவர்க்கு எழுத்துக்கள் புலப்படவில்லை. சற்று முந்தினாலும் பிந்தினாலும் தெரிந்தன. இடத்தோடு காலமும் அளக்கப்பட்டது! 1997இல் கோஹன் முதலியோர் கண்டது எமக்கு இன்னும் வியப்பளிக்கின்றது. இளமையிலேயே பார்வையிழந்து, புடைப்பெழுத்தை விரலாற் படிப்போரின் பிடரியில் இத்துடிப்பைச் செலுத்தவே, அவர் படிப்புப் பிழைபட்டது. பார்வைக்குரிய பகுதி அவர்பால் வாளா கிடக்கவில்லை. விரலின் ஏவலை மேற்கொண்டிருந்தது.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மடையை அடைத்ததும் பாத்தி வற்றிற்றெனின், அம்மடையே உப்பை விளைத்தது எனல் கூடாது. நீர் அவ்வழியே சென்றதென்பதே தெளிவு. பத்திரிகைகளில் வரும் ‘நினைவின் இருப்பிடம்’ போன்ற தலைப்புக்களை இக்கருத்தோடு படித்தல் நலம்.

இனிச் செந்நீருக்குத் திரும்புவாம். நரம்பணுவினுள் சோடியம் பாய்ந்தால் துடிப்பெழும்; குளோரைடு புகுந்தால் பெரும்பாலும் அடங்கும். இவ்விரண்டும் கூடியதே நாம் உண்ணும் உப்பு. எகிப்து நாட்டு உவர் ஏரிகளில் வாழும் ஒரு நுண்ணுயிரில் ஹாலோரோடாப்சின் என்னும் புரதம் உண்டு. மஞ்சள் ஒளி பட்டவுடன் அது குளோரைடை உள்ளே இறைக்கும். 2007இல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் கார்ல் டைசரோத்தும் ஜெர்மானிய அறிஞர் சிலரும் இப்புரதத்தைச் சிறு புழுக்களின் அணுக்களில் அமைத்தனர். மஞ்சள் ஒளி வீசியபோது நீந்திக்கொண்டிருந்த புழுக்கள் நின்றன. ஒளி நீங்கியதும் மீண்டும் நீந்தின. அயலுயிரின் ஜீனை அணுக்களுட் புகுத்த வேண்டுதலின், மூளையை ஒளியால் அடக்கும் ஆராய்ச்சி பெரும்பாலும் எலி முதலிய பிராணிகளளவிலேயே நடைபெற்று வருகின்றது.