புல்லால் பின்னிய பாலம்: பெருவின் கெவே மலைவட்டாரமும் மக்களும்

பெரு நாட்டின் குஸ்கோ பிராந்தியத்தில், கானாஸ் மாகாணத்தைச் சேர்ந்த மலைவட்டாரம் கெவே. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும் பரந்து கிடக்கும் மேட்டுநிலம் இது. மரங்கள் அரிது. எங்கு நோக்கினும் 'இச்சு' எனப்படும் முரட்டுப் புல். வெளியிலிருந்து வருவோர் வறண்ட பூமி என்று கூறிக் கடந்துவிடுவர். ஆனால் அந்தப் புல்லே இம்மக்களின் கூரையாகவும் கால்நடைத் தீவனமாகவும் கயிறாகவும் பயன்பட்டு வந்துள்ளது. உருளைக்கிழங்கே முதன்மை உணவு. தென்கோளத்தின் குளிர்காலமான ஜூன், ஜூலை மாதங்களில் கிழங்குகளை இரவுப் பனியில் உறையவிட்டு, பகலில் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் உலர்த்துகின்றனர். 'சூன்யோ' எனப்படும் இந்த உலர்கிழங்கு ஆண்டுக்கணக்கில் கெடுவதில்லை. பயிர் பொய்க்கும் ஆண்டில் உயிர்காப்பது இதுவே.

இந்நிலத்தை ஆழ்ந்த பள்ளத்தாக்காகப் பிளந்து ஓடுகிறது அப்பூரிமாக் நதி. 'பேசும் பெருந்தெய்வம்' என்பது அப்பெயரின் பொருள். இதன் குறுக்கே சுமார் 28 மீட்டர் நீளத்தில் தொங்குகிறது கெஸ்வாச்சாக்கா. 'முறுக்கிய கயிற்றுப் பாலம்' எனப் பொருள்படும் இதில் புல்லன்றி வேறு பொருள் மிகச் சொற்பமே. இன்காப் பேரரசின் நெடுஞ்சாலைகளை இணைத்த தொங்குபாலங்களின் மரபில் இன்றும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது இது.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் உவிஞ்சிரி, சௌப்பிபண்டா, சொக்காய்வா, கொய்யானா கெவே ஆகிய நான்கு சமூகத்தார் கூடுகின்றனர். ஒவ்வொரு குடும்பமும் தன் பங்குக்கு மெல்லிய கயிறு திரித்துக் கொண்டுவர வேண்டும். திரிப்பதில் பெண்களின் கரங்களே முதன்மையானவை. மெல்லிய கயிறுகள் பருங்கயிறுகளாகவும், அவை மேலும் பின்னப்பட்டு வடங்களாகவும் மாறுகின்றன. நான்கு வடங்கள் தளத்திற்கு, இரண்டு கைப்பிடிக்கு. பழைய பாலம் அறுத்து நதியில் விடப்படுகிறது. பின்னர் பாலம் கட்டும் வல்லுநர் இரு கரைகளிலிருந்தும் பக்கவாட்டைப் பின்னிக்கொண்டே வந்து நடுவில் சந்திக்கின்றனர். மூன்று நாள் உழைப்பு. நான்காம் நாள் விழா.

அருகிலேயே வாகனங்கள் செல்லும் பாலம் உண்டு. எனில் இவ்வுழைப்பு எதற்கு? சுற்றுலாவுக்காக என்று சுருக்குவது நமக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. 'ஐனி' எனும் கைமாற்று உழைப்பு இங்கு வாழ்வின் அடிப்படை. இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ. நான்கு சமூகங்களும் ஒரே வடத்தைப் பற்றி இழுக்கும்போது அந்த உறவே புதுப்பிக்கப்படுகிறது. இதன் அறிவையும் சடங்குகளையும் யுனெஸ்கோ 2013இல் மானுடத்தின் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. பெருந்தொற்றால் 2020இல் புதுப்பிப்பு நின்றது. 2021 மார்ச்சில் பாலம் அறுந்து வீழ்ந்தது. அதே ஆண்டு ஜூனில், பழைய பாலத்தின் துணையின்றியே மக்கள் புதியதைக் கட்டினர்.

இதே கானாஸ் மண்ணின் சுரிமானாவில் பிறந்தவர்தாம் இரண்டாம் துப்பாக் அமாரு. பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்திற்கு ஆள் பிடித்த கட்டாய உழைப்பையும் கொடிய வரிகளையும் எதிர்த்து 1780 நவம்பரில் கிளர்ந்தெழுந்த அவரை, ஸ்பானியர் 1781 மே மாதம் குஸ்கோ சதுக்கத்தில் கொன்றனர். தொடர்ந்து இன்கா உடை மீதும் கெச்சுவா மொழி மீதும் தடையாணைகள் பாய்ந்தன. அம்மொழி பெருவில் ஆட்சிமொழித் தகுதி பெற்றது 1975இல்தான். 2017 கணக்கெடுப்பில் 37 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டுள்ளனர். எனினும் நகரம் சென்ற பெற்றோர் பலர், பிள்ளைகள் ஏளனத்திற்கு ஆளாகக் கூடாதென்று அவர்களிடம் ஸ்பானிய மொழியே பேசுகின்றனர். தடையாணையை விட இந்த அச்சமே மொழியை ஆழமாக அரிக்கிறது.

தமிழ் வாசகர் வியக்கத்தக்க கூறுகள் இம்மொழியில் உள்ளன. இன உறவு ஏதுமில்லை. அத்தகைய ஆர்வக் கற்பனைகளை நாம் தவிர்ப்போமாக. ஆயினும் 'நாம்', 'நாங்கள்' என்ற நம் வேறுபாடு அங்கும் உண்டு: கேட்பவரை உள்ளடக்கினால் 'ஞொக்கஞ்சிஸ்', விலக்கினால் 'ஞொக்காய்க்கு'. 'முன்' என்பது நமக்கு எதிரிலுள்ள இடத்தையும் கடந்த காலத்தையும் குறிப்பது போலவே, அவர்களின் 'ஞாவ்ப்பா'வும் இரண்டையும் குறிக்கும். மேலும், தான் நேரில் அறிந்ததையும் பிறர் சொல்லக் கேட்டதையும் வெவ்வேறு விகுதிகளால் பிரித்துரைப்பது கெச்சுவாவின் இலக்கணம்.