இதயம் சுரக்கும் ஹார்மோனும் சுண்டெலிகள் தந்த விடையும்

அஸ்தம்பட்டியில் எங்கள் பிரிவுக்கு மூச்சிரைப்புடன் வருவோருக்கு, என்.டி. புரோ பி.என்.பி. என்னும் இரத்தப் பரிசோதனையைப் பரிந்துரைக்கிறோம். "எக்கோ எடுத்த பிறகு இரத்தப் பரிசோதனை எதற்கு?" என்று உடன் வருவோர் வினவுவதுண்டு. இதயம் இரத்தத்தை உந்தும் உறுப்பு மட்டுமன்று. ஹார்மோன் சுரக்கும் உறுப்புமாகும் என்பதே அதற்கு விடை.

1981ஆம் ஆண்டில் கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் குழுவினர், எலியின் இதய மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினர். சிறுநீரில் உப்பும் நீரும் மிகுதியாக வெளியேறின. இரத்த அழுத்தம் தணிந்தது. அச்சாற்றிலிருந்த ஹார்மோன் ஏ.என்.பி. எனப் பெயர் பெற்றது. இதயம் சுமை தாங்காமல் விரியும்போது அதுவும், அதன் இனமான பி.என்.பி.யும் மிகுதியாகச் சுரக்கின்றன. பரிசோதனை காட்டுவது இந்தச் சுமையையே.

ஹார்மோன் சாவி எனில், உயிரணுவிலுள்ள ஏற்பி பூட்டு. பூட்டே இல்லையெனில் என்ன நேரும்? மனிதரிடம் சோதிக்கவியலாத இக்கேள்விக்கு மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகள் விடை தந்தன. 1997இல் ஆலிவர் ஸ்மித்தீஸ் இடம்பெற்ற குழு, இவ்வேற்பியின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை ஆராய்ந்தது. அவற்றின் இரத்த அழுத்தம் உயர்ந்தது, இதயம் பருத்தது, ஆண் சுண்டெலிகள் இளமையிலேயே திடீரென மாண்டன. அம்மரபணுவின் படிகளைக் கூட்டியபோது அழுத்தம் தாழ்ந்தது. மரபணுவைக் குறிவைத்து மாற்றும் முறைக்காக 2007இல் ஸ்மித்தீஸும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இளங்கோவன் வெள்ளைச்சாமி, அமெரிக்காவில் கைலாஷ் பாண்டேயின் குழுவில் இருந்தபோது, ஏற்பியற்ற சுண்டெலிகளின் இதயத்தில் நார்த்திசு பெருகும் வழியை 2005இல் விளக்கினார்.

இந்த ஹார்மோன்களைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதே சாக்குபிட்ரில். வால்சார்ட்டனுடன் இணைந்த இம்மாத்திரையை, 2014இல் வெளியான ஆய்வில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட இதயச் செயலிழப்பு நோயாளரிடம் எனலாப்ரிலுடன் ஒப்பிட்டனர். இதயநோய் மரணமோ இதயச் செயலிழப்பால் மருத்துவமனைச் சேர்க்கையோ நேரும் இடர் 20 விழுக்காடு குறைந்தது.

இம்மாத்திரை உட்கொள்வோரும் அவர்தம் குடும்பத்தாரும் மூன்று செய்திகளை மனத்திற்கொள்ள வேண்டுகிறோம். வீட்டில் எஞ்சிய எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவற்றை இதனுடன் ஒருபோதும் சேர்க்கலாகாது; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற 36 மணி நேர இடைவெளி தேவை. முகமோ நாக்கோ வீங்கினால் உடனே அவசரப் பிரிவுக்கு வருக. கால் வீக்கம் வடிந்தது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வீக்கம் வடிந்தபின்னும் நோய் உள்ளேயே இருக்கும். இறுதியாக, உப்பு: இதயம் அதனை வெளியேற்றப் போராடுகையில், ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அப்போராட்டத்திற்கு எதிராகவே நிற்கும்.