மனசுக்கும் காய்ச்சல் வரும்

தோட்டத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் லயம் முழுக்கச் செய்தி பரவிவிடும். பக்கத்து வீட்டு அக்கா கஞ்சி வைத்துக் கொண்டு வருவார். "இன்னிக்கு வெட்டுக்குப் போவாதே, கிளினிக்குக்குப் போ" என்று மண்டோரே சொல்லுவார். மனசு சரியில்லை என்றால் மட்டும் நம் வைத்தியம் வேறு. "சும்மா கெட, எல்லாம் சரியாப் போயிரும்" என்போம். அதற்கும் சரியாகாவிட்டால் "காத்து கருப்பு பட்டிருக்கு" என்போம். இன்னும் சிலர் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு" என்று கேலி பேசுவார்கள்.

தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே! வழக்கமாகச் சம்பளம், வீடு, போனஸ் என்று எழுதும் நாம் இந்த வாரம் மனசைப் பற்றி எழுதுகிறோம். இதுவும் நம் உயிர்ப் பிரச்சினைதான்.

சங்க வேலையாகப் போகிற இடங்களில் நாம் கேட்கும் பேச்சு இது: "பிரட்டுக்குப் போறேன், பேர் போடுறேன். ஆனா கத்தியப் புடிக்கவே மனசு வர்லேண்ணே." வயதான அம்மா ஒருவர் சொல்வார்: "தோட்டத்த வித்துட்டாங்க. மகன் வீட்டுல ஒம்பதாவது மாடியில இருக்கேன். கோயில் இல்ல, வாசப்படியில ஒக்காந்து பேச ஆள் இல்ல."

இந்தக் கவலைகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. மழை பிடித்தால் வெட்டு இல்லை. இலை உதிரும் மாதங்களில் பால் குறைகிறது. கடைக் கடன் மட்டும் குறைவதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. மூன்று நான்கு தலைமுறையாக ஒரே லயத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு மாடியாகப் பிரிந்து போனார்கள். அதனால்தான் கூலிக்கும் வீட்டுக்கும் போராடுவதை நாம் நிறுத்தப் போவதில்லை. ஆனால் போராட்டம் முடியும் வரை நோயைக் கவனிக்காமல் இருக்கலாமா?

கவலை இல்லாத மனிதன் கிடையாது. எப்போது அது நோயாகிறது? தூக்கம் கெடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் ஆசை இல்லை, உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது, 'நம்மால் யாருக்கும் பிரயோசனம் இல்லை' என்ற எண்ணம் விடாமல் அரிக்கிறது. இப்படி இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். பிள்ளை பெற்ற தாய்க்கும் வரும். எழுபது வயதுத் தாத்தாவுக்கும் வரும். சாமி குற்றமும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. 2019ல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 100க்கு 2.3 பேருக்கு இந்த நோய் இருந்தது. 2023ல் அது 4.6 ஆகிவிட்டது. ஆக, இது தோட்டத்தானுக்கு மட்டும் வந்த சாபமும் அல்ல.

பலர் இதற்குப் போத்தலை மருந்தாக்கிக் கொள்கிறார்கள். "ரெண்டு கிளாஸ் ஊத்துனாத்தான் தூக்கம் வருது" என்கிறார்கள். வருவது உண்மைதான். ஆனால் நடுச்சாமத்தில் விழிப்புத் தட்டும். மறுநாள் மனசு இன்னும் கனக்கும். சம்பளத்தில் ஓட்டை விழும். வீட்டில் சண்டை வரும். ஒரு கவலை நாலாகும்.

அப்படியானால் என்ன செய்வது?

முதலில் பேசுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம், அண்ணனோ, பெரியம்மாவோ, கூட வேலை செய்பவரோ, மனசைத் திறந்து சொல்லுங்கள். கேட்பவர் புத்திமதி மழை பொழிய வேண்டாம். "ஒன்னைவிடக் கஷ்டப்படுறவன் இல்லியா?" என்று அடக்கவும் வேண்டாம். காது கொடுத்தால் போதும். கோயிலுக்குப் போனால் மனசுக்கு ஆறுதல் கிடைக்கும், போய் வாருங்கள். போகிற வழியில் கிளினிக்குக்கும் போங்கள்.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. "தூக்கமில்லை, மனசு சரியில்லை" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். மலாய் தடுமாறினால் மகனையோ மகளையோ கூட்டிப் போங்கள். மாத்திரை கொடுத்தால் அது வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். நான்கு நாள் சாப்பிட்டுவிட்டு "ஒன்னும் கேக்கல" என்று வீசிவிடாதீர்கள். குணமானது போலிருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

கேலிக்கு ஆளான தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை 1911ல் தொடங்கியது. இன்று அதன் பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. மனச்சோர்வு கண்டவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே தங்க வேண்டிய அவசியமே இல்லை. வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறலாம்.

வேலை போய்விடுமே என்ற பயம் வேண்டாம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் உடம்பு நோய், மன நோய் என்று பிரித்துப் பேசவில்லை. சம்பளத்தோடு நோய் லீவு, இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு வருடம் 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள். டாக்டரிடம் எம்.சி. வாங்குங்கள். லீவு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்திற்குத் தெரிவியுங்கள். தகராறு வந்தால் சங்கத்திடம் வாருங்கள்.

கடைசியாக, மிக முக்கியமானது. "செத்துட்டா தேவலாம்" என்று ஒருவர் சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். "அப்படி எண்ணம் வருதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் கிளம்பாது. சொல்ல வழி கிடைத்ததே என்று மனம் இளகும். அவரைத் தனியே விடாதீர்கள். களைக்கொல்லி, மாத்திரை எதுவும் கைக்கெட்டும் இடத்தில் வேண்டாம், பூட்டி வையுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். முன்பு தற்கொலை முயற்சி குற்றமாக இருந்தது. ஜெயிலுக்குப் பயந்து மறைத்தவர்கள் உண்டு. 2023ல் அந்தச் சட்டப்பிரிவை நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. இனி பயப்பட வேண்டியதில்லை.

போனில் பேசவும் ஆள் உண்டு. 1970லிருந்து இயங்கும் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பு இரவு பகலாக 03-7627 2929 எண்ணில் கேட்கிறது. சுகாதார அமைச்சின் எண் 15555.

கூட வெட்டுகிறவன் நாலு நாளாகப் பேச்சுக் குறைந்து போயிருக்கிறானா? மாடி வீட்டு ஆயா வெளியே வந்து பல நாள் ஆகிவிட்டதா? இன்று சாயந்திரமே போய்க் கதவைத் தட்டுங்கள். "என்னா, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டு, பதில் வரும் வரை உட்காருங்கள். ஒருவர் சுமையில் மற்றவர் கை கொடுப்பதற்குத்தானே நாம் சங்கம் வைத்தோம்!