கடல் விட்டுச் சென்ற மண்

அரியலூரை அடுத்த ரெட்டிபாளையம் என்றதும் பலருக்குச் சிமெண்டு மூட்டைதான் நினைவுக்கு வரும். ஆனால் ஆலைக்கு முந்தியது ஊர். ஊருக்கும் முந்தியது அதன் மண்.

பாளையம் என்பது முதலில் படை தங்கிய இடத்தைக் குறித்தது. பின்னர் பாளையக்காரர் ஆண்ட பகுதிக்கும் அப்பெயர் வந்தது. அரியலூரும் உடையார்பாளையமும் அத்தகையவை. விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கு பேசும் ரெட்டியார் குடிகள் கரிசல் நிலம் தேடித் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் குடியேறினர். ஊரின் பெயர் அவர்களைத்தான் நினைவூட்டுகிறது. 1995 வரை திருச்சி மாவட்டம், பிறகு பெரம்பலூர், 2007 முதல் அரியலூர் என்று மாவட்டப் பெயர்தான் மாறிக்கொண்டே இருந்தது.

இவ்வட்டாரத்தில் உழும்போது கொழுவில் கல்லாய்ப்போன கிளிஞ்சல் தட்டுப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. சிப்பிகள் மடிந்து படுகை படுகையாய்ச் சேர்ந்து சுண்ணாம்புக்கல் ஆயின. பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் ஆராய்ந்து 1862-ல் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். பக்கத்துக் கல்லங்குறிச்சியின் பெயர் இன்று உலக நிலவியல் நூல்களில் ஒரு பாறை அடுக்கின் பெயர். அங்குள்ள கலியுக வரதராசப் பெருமாளுக்கு விளைச்சலில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொண்டுபோகும் விவசாயிகளில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

அந்தக் கடல்தான் ஆலையைக் கொண்டுவந்தது. உங்கள் கடலைப் பயிரை மஞ்சளாக்குவதும் அதுவே. "இத்தனை உரம் போட்டும் ஏன் ஐயா வெளிறுகிறது?" என்று பயிற்சி வகுப்புகளில் பலமுறை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு அதை வேருக்குக் கிடைக்காமல் செய்துவிடுகிறது. நிலத்தில் இடும் அன்னபேதிக்கும் அதே கதிதான். எனவே 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் அன்னபேதி உப்பும் 10 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, மாலை வேளையில் இலை நனையத் தெளியுங்கள். 10 நாள் கழித்து மறுமுறை தெளியுங்கள். இன்னும் யூரியாவைக் கூட்டினால் செலவுதான் கூடும்.

இனிக் குழியைப் பற்றி. சுண்ணாம்புக்கல் எடுக்க நிலம் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவரவர் வீட்டில்தான் முடிவு செய்யவேண்டும்; அதில் நான் தலையிடுவதற்கில்லை. ஆனால் மேல்மண் விஷயத்தில் பேசாமல் இருக்க முடியவில்லை. பயிரைத் தாங்குவது மேலே உள்ள சில அங்குல மண்தான். கல்லோடு கலந்து கொட்டிவிட்டால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. மேல்மண்ணைத் தனியே குவித்து, தோண்டி முடித்த இடத்தைச் சீராக்கப் பயன்படுத்தவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் கனிமப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. புதிய சுரங்கத்திற்கோ விரிவாக்கத்திற்கோ பொது விசாரணை நடந்தால் நேரில் செல்லுங்கள். மண்ணை எங்கே குவிப்பார்கள், எப்போது திரும்பப் பரப்புவார்கள் என்று கேட்டு, பதிலைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

குழியோரம் நிலம் வைத்திருப்போர் மழைக்கு முன் வரப்பை உயர்த்திக் கட்டுங்கள். நீரோடு மண்ணும் உள்ளே இறங்கிவிடும். மண் மாதிரியைச் சோழமாதேவி வேளாண்மை அறிவியல் நிலையத்தில் கொடுத்துச் சோதித்துக் கொள்ளலாம். மாதிரி எடுக்கும்போது வரப்போரத்தையும் எருக்குவித்த இடத்தையும் தவிர்த்துவிடுங்கள்.