உணரியும் சூழலும்: சத்தியமங்கலம் காட்டை முன்வைத்துச் சில குறிப்புகள்

கணினிக்குக் கண்ணும் காதும் வைத்துவிட்டால் மனிதரின் அன்றாடத்தை அது புரிந்துகொண்டுவிடும் என்ற கதையாடலுக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. 1991இல் மார்க் வைசர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்திலிருந்து எழுதிய கட்டுரையில், கணினி மேசையை விட்டிறங்கி வாழ்க்கையின் பொருள்களுக்குள் கரைந்துவிடும் என்றார். 1994இல் அதே ஆய்வகத்தைச் சேர்ந்த பில் ஷிலிட்டும் சக ஆய்வாளர்களும் 'சூழல் அறியும் கணினி' என்ற கருத்தை முன்வைத்தனர். ஆள் எங்கே இருக்கிறார், யாரோடு இருக்கிறார், பக்கத்தில் என்ன இருக்கிறது ஆகிய மூன்றும் தெரிந்தால் கணினி அதற்கேற்ப நடந்துகொள்ளும். இன்று நம் சட்டைப்பையில் கிடக்கும் செல்போன் இந்தக் கருத்தின் வாரிசு.

இது எப்படி வேலை செய்கிறது? செல்போனுக்குள் இருக்கும் முடுக்கமானி, மூன்று திசைகளில் அசைவின் வேகமாற்றத்தை எண்களாகத் தருகிறது. 'நடக்கிறார்', 'பஸ்ஸில் போகிறார்' என்பதெல்லாம் அந்த எண்களில் இல்லை. முன்பே யாரோ சிலர் நடந்து காட்டி, அப்போது கிடைத்த எண்வரிசைக்கு 'நடை' என்று பெயர் ஒட்டி, கணினியைப் பழக்கியிருக்கிறார்கள். புதிய எண்வரிசை வந்தால், பழகிய பெயர்களில் எது நெருக்கமோ அதைத் தூக்கிப் போடுகிறது. ஆக, உணரி தருவது குறி மட்டுமே. அர்த்தத்தைத் தருபவர் பெயர் ஒட்டியவர். அவரது பட்டியலில் இல்லாத வேலை, கணினிக்கு இல்லாத வேலைதான். தலையில் விறகுக்கட்டோடு மேடேறுவதும் கைவீசி உலாப் போவதும் அங்கே ஒரே 'நடை'யாகிவிடலாம்.

இனி நம் காட்டுக்கு வருவோம். சத்தியமங்கலம் 2013இல் புலிகள் காப்பகமானது. புலிக் கணக்கெடுப்புக்கு மரங்களில் தானியங்கிக் கேமராக்களைக் கட்டுகிறார்கள். சூடான உடல் ஒன்று குறுக்கே நகரும்போது அகச்சிவப்புக் கதிரில் உண்டாகும் மாற்றத்தை அறிந்து படம் எடுக்கும். தேதியும் நேரமும் பதியும். ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருக்காது என்பதால் புலிகளைத் தனித்தனியே எண்ணிவிடலாம். புலிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதற்காக 2022இல் இந்தக் காப்பகம் பன்னாட்டு விருதும் பெற்றது. இதைப் பழிப்பது நம் நோக்கமல்ல. ஆனால் வெப்பத்துக்குப் புலி, மனிதர் என்ற பேதம் கிடையாது. சீமாற்றுப்புல் அறுக்கப் போகும் பெண் கேமராவைக் கடந்தால் அவரும் விழுவார். படத்தில் இருப்பது ஒரு பெண், ஓர் அரிவாள், ஒரு நேரம். சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அங்கீகரித்திருக்கிறது என்பது படத்தில் விழாது. படத்தைத் திறப்பவரின் பட்டியலில் 'அத்துமீறல்' என்ற பெயர் மட்டும் இருந்தால், அவர் அத்துமீறியவர் ஆகிவிடுகிறார்.

கற்பனை பண்ணிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். உத்தரகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தில் திரிஷாந்த் சிம்லாய் செய்த ஆய்வு 2024இல் வெளியானது. விலங்குகளுக்கென்று வைத்த கேமராக்கள் பெண்களைக் கண்காணிக்கும் கருவிகளாயின. காட்டுக்குள் சேர்ந்து பாடிப் பேசித் திரிந்தவர்கள் பாட்டை நிறுத்தினார்கள் என்கிறது அது. பாட்டு பொழுதுபோக்கு மட்டுமல்ல, விலங்குகள் விலகிப்போக எழுப்பும் ஒலியும்கூட. உணரி சூழலை அறியவில்லை, சூழலையே மாற்றிவிட்டது.

நம் மலைகளுக்குத் தப்பாகப் படிக்கப்படுவது புதிதல்ல. வீரப்பன் தேடுதல் காலத்தில் எந்த மின்கருவியும் இல்லாமலே இது நடந்தது. அரிசி மூட்டை ஒரு குறி. 'ஊட்டுக்குத்தானுங்க' என்று சுமந்தவர் சொல்ல, 'அவனுக்குத்தானே' என்று அதிகாரம் படித்தது. அதிரடிப்படை மீதான சித்திரவதைப் புகார்களை விசாரிக்க 1999இல் தேசிய மனித உரிமை ஆணையம் சதாசிவா குழுவை அமைக்க வேண்டி வந்தது. யார் படிக்கிறார்கள் என்ற கேள்வி கருவிக்கு முந்தியது.

கணினித் துறைக்குள்ளேயே இந்த விவாதம் உண்டு. ஒரு ஆளின், பொருளின், இடத்தின் நிலைமையை விளக்க உதவும் எந்தத் தகவலும் சூழலே என்று 2001இல் அனிந்த் டே வரையறுத்தார். 2004இல் பால் டூரிஷ் இதை மறுத்தார்: சூழல் என்பது செயலைச் சுற்றி முன்பே கிடக்கும் தகவல் அல்ல, செய்பவர்கள் செயலினூடாக உண்டாக்கிக்கொள்வது. அப்படியானால் அதை அளந்து எடுக்க முடியாது, செய்பவரைக் கேட்டுத்தான் அறிய முடியும்.

உணரியே வேண்டாம் என்பதா? இல்லை. வால்பாறையில் யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியும் சிவப்பு விளக்கும் தோட்டத் தொழிலாளருக்குச் சொல்கின்றன. கோவை மதுக்கரையில் 2024 முதல் வெப்பக் கேமராக்கள் தண்டவாளத்தருகே யானை வருவதைக் கண்டு எச்சரிக்கின்றன. இங்கே தகவல் ஆபத்தில் இருப்பவரின் கைக்குப் போகிறது. போவதா, நிற்பதா என்று மனிதர்களே முடிவு செய்கிறார்கள். கார்பெட்டில் தகவல் மேலே போனது.

எனவே காட்டோரக் கிராமசபைகள் கேட்க வேண்டியவை நான்கு: கேமரா எங்கே இருக்கிறது? மனிதர் விழுந்த படத்தை யார் பார்ப்பார்? அதற்கு என்ன பெயர் ஒட்டுவார்? எப்போது அழிப்பார்? 'அதெல்லாம் டெக்னிக்கல் விசயமுங்க' என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. பெயர் ஒட்டுவது அரசியல்.