அடுத்த மாதம் அணையில் எவ்வளவு நீர் இருக்கும்?

மாணவர்களே, பினாங்கில் கெக் லோக் சி ஆலயத்தைத் தாண்டி மலைச்சாலையில் ஏறினால் ஆயர் ஈத்தாம் அணை வரும். 1962-இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணை ஏறத்தாழ 260 கோடி லிட்டர் நீரைத் தாங்கும். கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும், இது தெலுக் பகாங் அணையின் கொள்ளளவில் ஏழில் ஒரு பங்குதான். மழை பொய்த்தால் நீர்மட்டம் விரைவாக இறங்கிவிடும். 2023 வறட்சியில் இதன் நீர் பாதிக்கும் கீழே போனது. மேக விதைப்பின் மூலம் மழையை வரவழைக்கவும் முயன்றார்கள்.

இப்படி நடக்கப் போகிறது என்று ஒரு மாதத்துக்கு முன்பே தெரிந்தால், ஆற்று நீரைக் கூடுதலாகப் பயன்படுத்தி அணை நீரைச் சேமிக்கலாம் அல்லவா? இதற்குத்தான் செயற்கை நுண்ணறிவின் உதவியை நாடுகிறார்கள்.

அணையை ஒரு சேமிப்புக் கணக்காக நினைத்துக்கொள்ளுங்கள். மழையும் ஓடைகளும் வரவு. குழாய்களில் போகும் நீரும் ஆவியாகும் நீரும் செலவு. ஆனால், பெய்யும் மழை முழுவதும் வரவாகிவிடாது. காய்ந்த மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும்; நனைந்த மண்ணில்தான் நீர் வழிந்தோடும். இதை ஒரே சூத்திரத்தில் அடக்குவது கடினம். எனவே, பல ஆண்டுகளின் அன்றாடப் பதிவுகளைக் கணினியிடம் கொடுக்கிறார்கள். அது ஊகிக்கிறது, உண்மை அளவோடு ஒப்பிடுகிறது, பிழையைத் திருத்துகிறது. இப்படிப் பல்லாயிரம் முறை செய்து பழகுகிறது. திரெங்கானுவின் கென்யிர் ஏரியில் மழையளவையும் நீர்மட்டத்தையும் கொண்டு நான்கு கற்றல் முறைகளைச் சோதித்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். நாளைய மட்டத்தைச் சரியாகச் சொல்வது பெரிய திறமையல்ல. இன்று 60 விழுக்காடு என்றால், நாளையும் ஏறக்குறைய அதுவே. உண்மையான சோதனை அடுத்த மாதத்தைச் சொல்வதில்தான் இருக்கிறது. அதுவும் கணினி பார்த்திராத ஆண்டுகளைக் கொண்டு சோதிக்க வேண்டும். முன்பே பார்த்த கேள்வித்தாளில் முழு மதிப்பெண் வாங்குவது தேர்ச்சியாகுமா? பழைய பதிவுகளில் இல்லாத கடும் வறட்சி வந்தால் கணினியும் தடுமாறும்.

நீங்களும் முயன்று பாருங்கள். பினாங்கு அணைகளின் நீர் அளவுகள் செய்திகளில் வரும்போது குறித்து வையுங்கள். நாளைய அளவையும் அடுத்த மாத அளவையும் ஊகித்து எழுதுங்கள். எதில் அதிகம் தவறுகிறீர்கள்? உங்கள் குறிப்பேடே விடை சொல்லும்.